80,000 கலம்: சிவகங்கைப் பூங்காவில் ஒரு போர்க்காலத் தேவாலயம்

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பற்றி எந்தச் சுற்றுலாக் குறிப்பை எடுத்தாலும் ஒரே வரிதான். "பாதிரியார் சுவார்ட்ஸ் மீது கொண்ட அன்பின் அடையாளமாக மன்னர் இரண்டாம் சரபோஜி 1779-ல் கட்டினார்." ஆங்கிலத்திலும் இதேதான், தமிழிலும் இதேதான். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பர். அதாவது இந்தக் கணக்குப்படி இரண்டு வயதுக் குழந்தை ஒரு ஜெர்மன் பாதிரியாருக்குக் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறது. லாக் ஃபைலில் எதைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிற தொழில் எனக்கு. அதனால் இந்த வரி ரொம்ப நாளாகக் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. 1779-ல் தஞ்சையை ஆண்டவர் துளஜா. சரபோஜி அவர் 1787-ல் சாவதற்குச் சற்று முன் தத்தெடுத்துக்கொண்ட பிள்ளை. அரியணை ஏறியது 1798-ல். அதே வருஷம் பிப்ரவரி 13-ம் தேதி சுவார்ட்ஸ் இறந்துபோய்விட்டார்.

தேதி தப்பு என்பதோடு விஷயம் முடிந்தால் இதை எழுதவே வேண்டாம். ஆனால் அந்த "அன்பின் அடையாளம்" என்ற வார்த்தை மறைப்பது சின்ன விஷயத்தை இல்லை. அந்தக் கட்டடம் எழுந்த வருஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் தஞ்சை நாட்டில் நடந்தது போர், பஞ்சம், போர். கட்டடமே அந்தப் போரின் வழியாக வந்ததுதான்.

சுவாமிமலைக்காரனுக்குத் தஞ்சாவூர் ஒரு மணி நேர பஸ். பெரிய கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்போம்! அதன் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போனபோது ஊஞ்சல், குளம் எல்லாம் பார்த்தோம். தேவாலயத்தை யாரும் காட்டவில்லை. பெரிய கோயில், சிவகங்கைக் குளம், இந்தத் தேவாலயம் மூன்றும் ஒரே வளைப்புக்குள் இருக்கின்றன. அந்த வளைப்புக்குப் பெயர் சின்னக் கோட்டை. அகழியும் மதிலும் இன்னும் தெரிகின்றன. நகரம் இருந்த பெரிய கோட்டைக்குத் தென்மேற்கு மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்த கோட்டை அது. ஒரு தேவாலயம் ஏன் கோட்டைக்குள் இருக்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கோட்டைக்குள் ஆங்கிலேயப் படை இருந்தது. படைக்கு ஒரு கோயில் தேவைப்பட்டது.

அந்தப் படை எப்படி வந்தது? 1773 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காகத் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. துளஜா கைதியானார். நாடு நவாப் கைக்குப் போனது. இது அநியாயம் என்று லண்டனிலேயே சத்தம் எழுந்து, கவர்னராக வந்த பிகாட் பிரபு 1776 ஏப்ரலில் துளஜாவைத் திரும்பவும் அரியணையில் உட்கார வைத்தார். (அதற்காக அவரைச் சொந்தச் சபையினரே அந்த ஆகஸ்டில் கைது செய்தார்கள். காவலிலேயே 1777-ல் இறந்தார். தஞ்சாவூர் விவகாரத்தில் கைவைத்தவர்கள் யாருக்கும் நல்லது நடக்கவில்லை போலிருக்கிறது!) ராஜ்யம் திரும்பக் கிடைத்ததற்கு விலை: கோட்டையில் கம்பெனிப் படை நிரந்தரமாக இருக்கும், அதன் செலவுக்கு மன்னர் வருஷத்துக்கு 4 லட்சம் வராகன் கொடுக்க வேண்டும். நெல்லைத் தவிர வேறு வருமானம் இல்லாத நாடு. 4 லட்சம் வராகனும் கடைசியில் யார் களத்திலிருந்து போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படையோடு வந்தவர்தான் சுவார்ட்ஸ் என்று சொல்லிவிட முடியாது. கிறிஸ்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தவர். ஹாலேயில் படித்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். அங்கே தமிழ் படித்தார். பிறகு திருச்சி. அங்கே ஆங்கிலேயப் படைக்கும் குருவாக இருந்தார், அதற்குக் கம்பெனி வருஷத்துக்கு 100 பவுண்டு கொடுத்தது. 1778-ல் தஞ்சாவூருக்கே குடிவந்தார். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம் எல்லாம் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம்ம ஊரில் அந்தக் காலத்துப் பாதிரிமார்களை ஐயர் என்று அழைப்பது வழக்கம், இவரும் சுவார்ட்ஸ் ஐயர்தான்.

கோட்டைக்குள் படைக்கென்று கிறிஸ்து ஆலயம், கோட்டைக்கு வெளியே தமிழ்ச் சபைக்கென்று இன்னொன்று. இரண்டையும் எழுப்ப அவர் முயற்சி செய்தார். அதிகாரிகளும் சிப்பாய்களும் போட்ட நன்கொடை போதவில்லை. இந்த நேரத்தில்தான் 1779-ல் சென்னையிலிருந்து கவர்னர் தாமஸ் ரம்போல்டின் அழைப்பு வந்தது.

ரம்போல்டு கேட்டது கோயில் பற்றி இல்லை. ஹைதர் அலியிடம் போய்வர முடியுமா என்று கேட்டார். அதுவும் ரகசியமாக. ஹைதர் மனதில் என்ன இருக்கிறது, சமாதானமா சண்டையா என்று தெரிந்து வர வேண்டும். ஒரு பாதிரியாரை ஏன் அனுப்ப வேண்டும்? ஏனென்றால் கம்பெனி ஆட்களின் பேச்சை ஹைதர் நம்பத் தயாராக இல்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1769-ல் சென்னை வாசலில் வந்து நின்று ஹைதர் ஒரு உடன்படிக்கை வாங்கிக்கொண்டு போனார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்பது ஷரத்து. அடுத்த வருஷமே மராத்தியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி அசையவில்லை. 1779 மார்ச்சில் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயையும் பிடித்துக்கொண்டது.

சுவார்ட்ஸ் கரூர், சத்தியமங்கலம் வழியாகக் கணவாய் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். ஹைதர் அவரைத் தன் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்துப் பேசியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒரே நேரத்தில் பல கடிதங்களைச் சொல்லி எழுத வைப்பதையும், யார் எந்த மதமாக இருந்தாலும் வேலை நடந்தால் போதும் என்று இருந்ததையும் ஆச்சரியத்தோடு பதிவு செய்கிறார். ஹைதரின் படையில் இருந்த ஐரோப்பியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் மொழியில் ஆராதனை நடத்தினார், தடை இல்லை. எதிரியின் தூதர், எதிரியின் ஊரில், எதிரியின் சிப்பாய்களுக்குப் பிரசங்கம்!

ஹைதர் சொன்ன பதிலின் சாரம் எளிமையானது. சமாதானம் வேண்டுமென்றால் வரட்டும், ஆனால் வாக்கை முறித்தது யார் என்று முதலில் யோசிக்கட்டும். வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதைக் கம்பெனியிடம் ஒப்படைக்கப் பார்த்தார், அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் பணம் தஞ்சையில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. தூது போனதற்குக் கம்பெனி கொடுக்க வந்த சன்மானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருச்சியில் இருந்த சக ஊழியர் போலேவுக்குத் தனக்குக் கிடைப்பதுபோல ஒரு சம்பளம் கேட்டார். தஞ்சாவூர்க் கோயில் வேலைக்குச் செங்கலும் சுண்ணாம்பும் கேட்டார். சுற்றுலாக் குறிப்பில் எழுத வேண்டுமானால் இதையல்லவா எழுத வேண்டும்!

தூது பலிக்கவில்லை. ரம்போல்டு 1780 ஏப்ரலில் கப்பல் ஏறிவிட்டார். ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கணவாய் இறங்கினார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781-ல் தஞ்சை நாடு முழுக்க ஹைதரின் குதிரைகள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் "ஹைதர் கலாபம்" என்று சொல்வது இதைத்தான். எந்தக் கோயில் சிலை உடைந்திருந்தாலும், எந்த ஊர் இடம் மாறியிருந்தாலும் காரணம் ஹைதர் கலாபம். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். இதில் கவனமாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, எங்கள் சுவாமிமலை முருகன் கோயில் "1740-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில்" சேதமானது என்று இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது. 1740-ல் ஹைதர் இருபது வயதுக்காரர், அவர் பெயரே யாருக்கும் தெரியாது. அவருக்கும் கம்பெனிக்கும் முதல் போர் வந்ததே 1767-ல். மறுபடியும் தேதி! ஆனால் நினைவு பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தேதி கழன்று விழுந்த பிறகும் பயம் மட்டும் இருநூறு வருஷம் நின்றிருக்கிறது என்றால் அடி பலமாகத்தான் விழுந்திருக்க வேண்டும். தஞ்சை நாட்டிலிருந்து 12,000 குழந்தைகளை ஹைதரின் படை பிடித்துக்கொண்டு போனதாகச் சுவார்ட்ஸ் எழுதுகிறார். எண்ணில் கூடக் குறைய இருக்கலாம். எழுதியவர் ஹைதரைத் தனிப்பட்ட முறையில் மதித்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோட்டைக்குள் நிலைமை இன்னும் மோசம். வெளியூர் ஜனங்கள் பயந்து கோட்டைக்குள் வந்து அடைந்துவிட்டார்கள். சோறு இல்லை. சிப்பாய்களே பசியில் விழுந்தார்கள். காலையில் எழுந்தால் தெருவில் பிணங்கள். இதில் வேதனை என்னவென்றால், நாட்டில் நெல் சுத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. கிராமங்களில் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை, மாடு வைத்திருந்தவர்கள் தர மறுத்தார்கள். நெல் வைத்திருந்தவர்களும் மறுத்தார்கள். காரணம், இதற்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை. கொடுக்க வந்தவனைப் பிடித்து வெட்டி வேலை வேறு வாங்கியிருக்கிறார்கள். மன்னர் உத்தரவு போட்டுப் பார்த்தார், கம்பெனி அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு மூட்டை நகரவில்லை.

அப்போது மன்னர் சொன்னதாகச் சுவார்ட்ஸ் 1794-ல் எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு செய்தி வருகிறது. நாம் இரண்டு பேருமே ஜனங்களிடம் நாணயத்தை இழந்துவிட்டோம், அந்தப் பாதிரியாரை நம்புகிறார்களா என்று பார்ப்போம், என்ற பொருளில். ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அவருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். நெல்லுக்கும் மாட்டுக்கும் பணம் நான் தருகிறேன் என்று தன் பேரில் சொன்னார். ஒன்றிரண்டு நாளில் 1,000 மாடுகள் வந்துவிட்டன. தன் சபை ஆட்களையும் உபதேசிமார்களையும் கூடவே அனுப்பினார், உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள். கொஞ்ச நாளில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. முடிந்ததும் எல்லோருக்கும் கணக்குத் தீர்த்து, மேலே ஒரு சின்ன வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இந்த 80,000-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கலம் 12 மரக்கால். இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆக 40,000 மூட்டை. ஒரு பொதி மாடு ஒரு நடைக்கு மூன்று நாலு கலம் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், 1,000 மாடுகளும் ஆளுக்கு இருபது நடைக்கு மேல் நடந்திருக்க வேண்டும். ஒரே நாளில் நடந்த அற்புதம் இல்லை இது. குதிரைப்படை திரிகிற நாட்டில் வாரக்கணக்கில், திரும்பத் திரும்ப, மாட்டுக்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள். முதல் நடைக்கு நம்பிக்கை போதும். பத்தாவது நடைக்கும் வந்தார்கள் என்றால் பேச்சு மாறாமல் நடந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். என் மனதில் நிற்பது பாதிரியாரை விட அந்தப் பெயர் தெரியாத மாட்டுக்காரர்களும் உபதேசிமார்களும்தான்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைக்கு முக்கியமான சாட்சி சுவார்ட்ஸே எழுதிய கடிதம். அதுவும் சும்மா எழுதியது இல்லை. 1793-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மிஷனரிகளையும் அவர்கள் சபையினரையும் ஒரு உறுப்பினர் மட்டமாகப் பேசினார், அதற்குப் பதிலாக எழுதியது. தற்காப்புக் கடிதத்தில் ஒருவர் தன் நல்ல காரியங்களைத்தான் எடுத்து வைப்பார். ஆனாலும் நான் நம்புகிறேன். தன் பெருமைக்காகக் கதை கட்டுகிறவர், மன்னரும் கம்பெனியும் விவசாயிக்குப் பணம் கொடுக்காமல் ஏமாற்றினார்கள் என்று, அதே கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுத மாட்டார்.

அடுத்த வருஷமும் இதே கதை. 1782 பிப்ரவரி 16 முதல் 18 வரை, கும்பகோணம் பக்கம் அன்னக்குடியில் கர்னல் பிரைத்வெயிட்டின் படையைத் திப்பு வளைத்துக்கொண்டார். அவரோடு பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். கிட்டத்தட்ட 2,000 பேர் கொண்ட படை, செத்தவர்கள் போக மிச்சம் பேர் கைதி. தேதியைக் கவனியுங்கள்: மாசி மாதம். தை, மாசிதான் எங்கள் பக்கம் சம்பா அறுவடை. விளைச்சல் கைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் எதிரி வருவான் என்று சுவார்ட்ஸ் ஒரு வரி எழுதியிருக்கிறார், அது இந்தத் தேதியோடு அப்படியே பொருந்துகிறது. கோட்டையில் மறுபடியும் பட்டினி. மறுபடியும் அவரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் நெல் வந்தது.

அந்தத் தானியம் யார் வயிற்றுக்குப் போனது என்றும் கேட்க வேண்டும். பசித்த ஜனங்களுக்குப் போனது, சரி. கம்பெனிப் படைக்கும் போனது. கோட்டை விழாமல் நின்றதால்தான் கம்பெனியும் தஞ்சையில் நின்றது. 1799 அக்டோபரில் சரபோஜி நாட்டு நிர்வாகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார், அவர் கையில் மிஞ்சியது கோட்டை மட்டும்தான். சுவார்ட்ஸ் கெட்ட நோக்கத்தோடு எதையும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாணயம் இல்லாத இரண்டு அரசுகள் ஒரு மனிதரின் நாணயத்தைக் கடன் வாங்கித் தப்பித்தன. அந்தக் கடனை அவை திருப்பிக் கொடுத்தனவா என்பது வேறு கேள்வி.

இதை மனதில் வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் இருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது, சரபோஜி வரவழைத்தது. (சரபோஜிக்கும் இந்தக் கட்டடத்துக்கும் உண்மையான தொடர்பு இதுதான். இதிலிருந்துதான் "அவர் கட்டியது" என்ற கதை முளைத்திருக்க வேண்டும்.) மரணப் படுக்கையில் கிழவர் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி இளைய மன்னர், தலைமாட்டில் இன்னொரு பாதிரியார் கெரிக்கே, கால்மாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிலை வார்க்கிற ஊரில் பிறந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தச் சிற்பத்தைப் பார்த்தாலும் முதலில் விரல்களைப் பார்ப்பேன். எங்கள் ஊர் ஸ்தபதிகள் மெழுகில் விரல் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். ஃபிளாக்ஸ்மனும் அந்தக் கைகள் இரண்டையும் நன்றாகவே செய்திருக்கிறார். அழகான சிற்பம், சந்தேகமே இல்லை. சரபோஜியின் துக்கமும் உண்மையானது. தகப்பன் ஸ்தானத்தில் நின்று அவரைப் படிக்க வைத்து, சித்தப்பா அமர்சிங்கிடமிருந்து காப்பாற்றி, ராஜ்யத்துக்கு வழக்காடியவர் சுவார்ட்ஸ். ஆனால் அந்தக் கல்லில் கோட்டை இல்லை, மாடு இல்லை, நெல் இல்லை. சுற்றுலாக் குறிப்பு எழுதியவர்கள் இந்தச் சிற்பத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அன்பு மட்டும் மிஞ்சி, போர் காணாமல் போய்விட்டது.

இன்னொரு சம்பவம் போர் முடிந்த பிறகு நடந்தது. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தார். 1783-ல் திப்புவிடம் சமாதானம் பேசப் போன குழுவோடு சேர்ந்துகொள்ளச் சுவார்ட்ஸை மறுபடியும் அனுப்பினார்கள். இந்தத் தடவை சத்தியமங்கலத்திலேயே திப்புவின் ஆட்கள் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை அவர் இல்லாமலே முடிந்தது. தஞ்சையில் போர் நின்றும் ஜனங்களுக்கு விடிவு இல்லை. வரி வசூலித்த அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். உழவு நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வாருங்கள், நியாயம் கிடைக்கும் என்று துளஜா சொல்லி அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. பிறகு சுவார்ட்ஸ் தன் பேரில் சொல்லி அனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறார். ஆனி மாதம் தொடங்க வேண்டிய சாகுபடி அந்த வருஷம் புரட்டாசி வாக்கில்தான் தொடங்கியது. ராத்திரி பகலாக வேலை செய்து அதையும் ஈடுகட்டினார்களாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகங்கைப் பூங்காவுக்கு நேராகப் போய்விடாதீர்கள், தேவாலயம் பூட்டியிருக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். சிற்பத்தைப் பார்த்ததும் திரும்பிவிடவும் வேண்டாம். சுவார்ட்ஸை அடக்கம் செய்தது இங்கே இல்லை, கோட்டைக்கு வெளியே, தூய பேதுரு ஆலயத்தில். தமிழ்ச் சபைக்காக அவர் தொடங்கிய கோயில் அது. அவருடைய கல்லறைக் கல்லில் சரபோஜி எழுதிய ஆங்கிலக் கவிதை இருக்கிறது. நெல் மாடுகளோடு போன உபதேசிமார்கள் ஞாயிற்றுக்கிழமை கூடியது அந்தச் சபையில்தான்.